கைப்பிடியும் கணிப்பொறியும்: ஃபேசிட் என்ற பெயரின் வரலாறு

தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களின் வழியாக வாழ்க்கைக்குள் நுழைந்தவர்களுக்கு ‘ஃபேசிட்’ என்பது ஓர் இயந்திரத்தின் பெயர். ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ் என்று சுவரோரமாக வரிசையிட்டிருந்த இயந்திரங்களுள் அதுவும் ஒன்று. சுவீடன் நாட்டில் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சிடப்படும் விடைகளுக்கு அங்கே ‘ஃபேசிட்’ என்று பெயர். விடை என்பதையே தன் பெயராகச் சூடிக்கொண்ட ஒரு நிறுவனம் கணக்கிடும் பொறிகளைச் செய்து உலகெங்கும் விற்றது. 1950களிலேயே மின்னணுக் கணிப்பொறியும் செய்தது. பிறகு அதைக் கைவிட்டது. கடைசியில் தானும் கைமாறிப் போனது. தாயகத்தில் அது தளர்ந்துபோன பின்னரும், சென்னைக்கருகே பெருங்குடியில் அதன் பெயரைத் தாங்கிய தட்டச்சு இயந்திரங்கள் உருவாகிக்கொண்டிருந்தன.

நிறுவனங்களின் வரலாறு இலக்கிய வாசகர்களுக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது ஆதாயக் கணக்கைப் பற்றிய கதையன்று. மனிதர் கைவரப்பெற்ற ஒரு திறமை எப்போது கதவாகிறது, எப்போது சுவராகிறது என்பதைப் பற்றிய கதை. நம் மண்ணிலும் சுவீடனிலும் ஒரே பெயரின் கீழ் அத்திறமை இருவேறு விதமாக நடந்துகொண்டது என்பதே நம் அக்கறைக்குக் காரணம்.

கணக்கு என்ற உடலுழைப்பு

கணிப்பொறிக்கு முந்தைய காலத்தில் கணக்கு எப்படி நடந்தது என்பதை அறியாமல் இந்நிறுவனத்தின் உயர்வும் தாழ்வும் விளங்கமாட்டா. அதை அறிய சுவீடன்வரை போகவேண்டியதில்லை. பழனி மலைக்குப் போனால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீளும் அம்மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் சூரிய வானாய்வகம் அமைந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்புண்டா என்ற கேள்வி அரசின் கவனத்துக்கு வந்தது. அந்த அக்கறையின் பலன்களுள் ஒன்று இவ்வானாய்வகம். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த பழைய வானாய்வகத்தின் பணி, 1899இல் சார்லஸ் மிச்சி ஸ்மித்தின் தலைமையில் மலையேறியது.

1904 முதல் அங்கே வானம் தெளிந்த நாள்தோறும் சூரியன் படம்பிடிக்கப்பட்டு வருகிறது. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலக அறிவியல் அதற்குப் பெயரிட்டிருக்கிறது. பாடநூல்கள் இதை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தது கண்ணும் கையும் சேர்ந்த நீண்ட உழைப்பு. கண்ணாடித் தகட்டில் பதிந்த நிறமாலைக் கோட்டின் மிக நுண்ணிய விலகலை நுண்ணோக்கியில் அளக்கவேண்டும். அளந்ததை வேகமாக மாற்றவேண்டும். பூமியின் சுழற்சியையும் சூரியனின் சுழற்சியையும் கழிக்கவேண்டும். ஒவ்வொரு படியும் கூட்டலும் பெருக்கலும் மடக்கை அட்டவணையும்தான். ஒரு நாளின் படத்துக்குச் செய்ததை மறுநாள் படத்துக்கும் செய்யவேண்டும், அதற்கு மறுநாளும்.

‘கம்ப்யூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் முதலில் பொறியைக் குறிக்கவில்லை, இவ்வாறு கணக்கிடும் மனிதரைக் குறித்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். வானாய்வகங்களில் அது ஒரு பணியிடத்தின் பெயராகவே இருந்தது.

நம் நாட்டில் இந்த உழைப்புக்கு இன்னும் பழைய வடிவம் ஒன்று உண்டு. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்ற நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் அவர் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, காகிதத்தில் ஓர் எண்ணையும் எழுதாமல், அவ்வாண்டின் மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்துக்கு அவர் சொன்ன நேரத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததாக, இந்தக் கணிப்பை இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஓட்டோ நியூகபவர் எழுதியிருக்கிறார். வானியல் கோட்பாடுகளை அந்தப் பஞ்சாங்கக்காரர் அறிந்திருக்கவில்லை. வழிமுறை அறிந்திருந்தார், படிகளைப் பிறழாமல் செய்தார், விடை வந்தது. கணிப்பொறி செய்வதும் அதுதான்.

சோழியிலிருந்து மடக்கை அட்டவணைக்கும், அட்டவணையிலிருந்து கைப்பிடி சுற்றும் இயந்திரத்துக்கும், அதிலிருந்து மின்னணுவுக்கும் கணக்கு நகர்ந்தது. இவற்றுள் மூன்றாம் படியில்தான் ஃபேசிட் அரசோச்சியது.

செம்பு தீர்ந்த ஊர்

தென் சுவீடனில் ஓட்விடாபெரி என்றொரு சிற்றூர். நூற்றாண்டுகளாகச் செம்புச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் வாசலில் செம்புத் தொழில் முடிவுக்கு வந்தது. காடு மிஞ்சியது, எனவே மரவேலை வந்தது. அலுவலக மேசைகளும் அலமாரிகளும் செய்த அத்தொழிலும் முதல் உலகப்போருக்குப் பின்வந்த நெருக்கடியில் தடுமாறியது. 1922இல் எலோஃப் எரிக்சன் என்ற இளைஞர் அதைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். அதே காலத்தில் ‘ஃபேசிட்’ என்ற சிறிய கணக்கிடும் பொறி ஒன்றின் தயாரிப்பும் இந்நிறுவனத்தின் கைக்கு வந்தது. மேசை விற்பவர் அம்மேசைமேல் வைக்கும் பொறியையும் விற்கலாமே என்ற எளிய வணிக அறிவு அதில் இருந்தது எனலாம்.

அப்பொறியின் மூதாதை இன்னொரு சுவீடன்காரரின் படைப்பு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லுட்விக் நோபலின் தொழிற்சாலையில் பணியாற்றிய வில்கோட் ஓட்னர், 1870களில் பற்கள் நீளவும் சுருங்கவும் கூடிய சக்கரத்தைக் கொண்டு கையடக்கமான கணக்கிடும் பொறி ஒன்றை அமைத்தார். ஓர் எண்ணுக்கு எத்தனை பற்கள் வேண்டுமோ அத்தனை மட்டும் சக்கரத்திலிருந்து வெளியே நீளும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த எண் பதிவேட்டில் ஏறிவிடும். 1917 புரட்சிக்குப் பிறகு ஓட்னர் குடும்பத்தின் தொழில் சுவீடனுக்குத் திரும்பியது. அவரது வடிவமைப்பு ரஷ்யாவிலும் அழியாமல், ‘ஃபெலிக்ஸ்’ என்ற பெயரில் சோவியத் நாட்டின் அலுவலக மேசைகளில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது.

இப்பொறி வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்குவோம். 347ஐ 26ஆல் பெருக்கவேண்டும் என்று கொள்வோம். 347ஐப் பொறியில் அமைத்துக் கைப்பிடியை ஆறு முறை சுற்றவேண்டும். பிறகு எண் தாங்கியை ஓரிடம் நகர்த்தி இரண்டு முறை சுற்றவேண்டும். எட்டே சுற்றில் 9,022 என்ற விடை வந்து நிற்கும். வகுத்தல் இதற்குத் தலைகீழ். கைப்பிடியை எதிர்த்திசையில் சுற்றிக் கழித்துக்கொண்டே போனால், ஒரு சுற்று மிகையாகும்போது மணி அடிக்கும். ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடுத்த இடத்துக்கு நகரவேண்டும். வர்க்கமூலத்துக்கும் ஓர் அழகான வழி இருந்தது. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கழிப்பது. 16இலிருந்து 1, 3, 5, 7 ஆகியவற்றைக் கழித்தால் மீதி இல்லை. நான்கு முறை கழித்தோம், எனவே விடை 4. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் புள்ளியியல் செய்முறை வகுப்புகளில் பயின்ற மூத்த தலைமுறைக்கு இந்தச் சுற்றலும் மணியோசையும் மறந்திருக்காது. அவ்வறைகளில் ஃபேசிட் பரிச்சயமான பெயர்.

ஓட்னர் வழியில் வந்த பழைய பொறிகளில், ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒவ்வொரு நெம்புகோலை நகர்த்தி எண்ணை அமைக்கவேண்டியிருந்தது. 1932இல் ஃபேசிட்டின் பொறியாளர் கார்ல் ரூடின் அதை மாற்றினார். பத்தே விசைகள், எந்த எண்ணையும் ஒரு கையால், பொறியைப் பார்க்காமலேயே தட்டிவிடலாம். இந்த ஒரு மாற்றம் ஃபேசிட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது. 1938இல் ஹால்டா என்ற சுவீடன் தட்டச்சு நிறுவனத்தையும், 1942இல் ஓட்னர் நிறுவனத்தையும் அது தன்னுடன் சேர்த்துக்கொண்டது. 1970ஐ ஒட்டிய உச்சத்தில் அதில் சுமார் 14,000 பேர் பணிபுரிந்தனர். 100க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் பொருள்கள் விற்கப்பட்டன. கூம்புக் குல்லாய் அணிந்த ஒரு மந்திரவாதி அதன் சின்னம். பெருக்கலும் வகுத்தலும் மந்திரமாகத் தோன்றிய காலத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

கைக்கு வந்த எதிர்காலம்

இனி இக்கதையின் திருப்பத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் சுவீடன் அரசு அமெரிக்காவிலிருந்து கணிப்பொறி வாங்க விரும்பியது. அது கைகூடவில்லை. எனவே இளம் அறிஞர்கள் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிலச் செய்து, சொந்தமாகவே உருவாக்க முடிவு செய்தது. கணிதப்பொறி வாரியம் ஒன்று அமைந்தது. கோனி பால்ம் தலைமையில் 1950இல் ‘பார்க்’ என்ற பொறி இயங்கத் தொடங்கியது. தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களால் ஆனது அது. அடுத்து எரிக் ஸ்டெம்மெயின் தலைமையில், 1953இன் இறுதியில், வெற்றிடக் குழாய்களாலான ‘பெஸ்க்’ உயிர்பெற்றது. பிரின்ஸ்டனில் ஜான் வான் நாய்மன் வகுத்த அமைப்பைத் தழுவிய அது, சிறிது காலம் உலகின் அதிவேகக் கணிப்பொறிகளுள் முதலிடத்தில் வைத்து எண்ணப்பட்டது. பின்னர் அதன் நினைவகத்தை மாற்றியமைத்தபோது, நுண்ணிய காந்த வளையங்களைக் கம்பியில் கோக்கும் வேலைக்குப் பின்னல் தெரிந்த இல்லத்தரசிகளை அமர்த்தினார்கள் என்பது சுவையான செய்தி. கணிப்பொறியின் தொடக்கத்திலும் விரல்களின் பழக்கமே வேண்டியிருந்தது.

1956இல் ஃபேசிட் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. எரிக் ஸ்டெம்மெ உள்ளிட்ட ‘பெஸ்க்’ பொறியாளர்களுள் முக்கியமானவர்களைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ‘ஃபேசிட் ஈ.டி.பி.’ என்ற கணிப்பொறி உருவானது. ‘பெஸ்க்’கின் நேர் வாரிசு அது. அதனுடன் இணைந்த ‘ராட்டின நினைவகம்’ இன்னும் புதுமையானது. திருவிழா ராட்டினத்தில் தொட்டில்கள் தொங்குவதுபோல ஒரு சக்கரத்தில் 64 காந்தநாடாச் சுருள்கள் பொருத்தப்பட்டிருந்தன. வேண்டிய சுருள் சுழன்று வந்து நிற்கும், அதிலுள்ள தகவல் படிக்கப்படும்.

இந்த ஆண்டுகளை நம் நாட்டோடு ஒப்பிட்டால் அதன் முன்னணி விளங்கும். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து முதல் கணிப்பொறி வந்து இயங்கத் தொடங்கியது 1955-56இல். மும்பையின் டாட்டா ஆய்வுக்கழகம் சொந்தமாக வடிவமைத்த ‘டிஃப்ராக்’ முழுமையடைந்தது 1960இல். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரிய கணிப்பொறி வந்தது 1973இல். ஒரு செம்புச் சுரங்க ஊரின் நிறுவனம் 1957லேயே தன் பெயரில் கணிப்பொறி செய்துவிட்டது.

செய்துவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பொறிகளோடு பெரிய கணிப்பொறித் தொழிலைக் கைவிட்டது. அடுத்த ஊரான லின்ஷோப்பிங்கில் சாப் என்ற விமான நிறுவனமும் ‘பெஸ்க்’கைத் தழுவித் தனக்கென ஒரு கணிப்பொறி செய்துகொண்டிருந்தது. அது விடவில்லை. 1960இல் டிரான்சிஸ்டர்களாலான ‘டி2’, 1962இல் விற்பனைக்கு ‘டி21’ என்று தொடர்ந்து, ‘டேட்டாசாப்’ என்ற பெயரில் சுவீடனின் கணிப்பொறித் தொழிலாகவே வளர்ந்தது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்த அறிவு. அருகருகே இருந்த ஊர்கள். சாப் நிறுவனத்துக்குக் கணிப்பொறி தன் விமானங்களுக்கு அவசியமான கருவியாக இருந்தது. ஃபேசிட்டுக்கோ கணக்கு ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தது. கைப்பிடிப் பொறி நன்றாக விற்றது. அதை எப்படி இன்னும் மலிவாக, இன்னும் உறுதியாகச் செய்வது என்பது அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது. புதிய பொறி ஒரு விருந்தாளியாகவே அந்த வீட்டில் தங்கிப் போனது.

விடை தெரிந்தவர்கள்

1960களின் நடுவில் மின்னணுக் கணக்கிகள் மேசைமேல் வரத் தொடங்கின. பற்சக்கரமும் மணியோசையும் இல்லாதவை. ஃபேசிட் அவற்றை அறியாமல் இல்லை. பின்னாளில் ‘ஷார்ப்’ என்று பெயர்பெற்ற சப்பானின் ஹயகவா நிறுவனத்திடமிருந்து வாங்கித் தன் பெயரிலேயே விற்றது. தன்னிடமும் மின்னணு அறிந்த பொறியாளர் குழு ஒன்றை வைத்திருந்தது. ஆயினும் தலைமையின் நம்பிக்கை பற்சக்கரத்தின் மேலேயே இருந்தது. வாடிக்கையாளர்கள் மெதுவாகத்தான் மாறுவார்கள், நமக்கு நேரமிருக்கிறது என்று எண்ணியது.

மின்னணுச் சில்லுகளின் விலை சரிந்த வேகம் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் கைப்பிடிப் பொறிகளை வாங்க ஆளில்லை. இந்த வீழ்ச்சியை வில்லியம் ஸ்டார்பக், பூ ஹெட்பெரி முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து 1970களிலேயே எழுதினார்கள். இன்றும் நிர்வாகவியல் மாணவர்களுக்கு அது பாடம். அவர்கள் பதிவு செய்திருப்பதில் ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. நெருக்கடி வந்தபோது தலைமை செய்த முதற்காரியங்களுள் ஒன்று, தட்டச்சு இயந்திரங்களும் மேசை நாற்காலிகளும் செய்த ஆலைகளை மூடி, தனக்கு மிக நன்றாகத் தெரிந்த கைப்பிடிக் கணக்கியில் முழுக் கவனத்தையும் செலுத்தியது! 1972ஐ ஒட்டி எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் ஃபேசிட்டை வாங்கிக் கணக்கைப் பார்த்தபோது, தட்டச்சு இயந்திரங்களுக்கு இருந்த தேவை உற்பத்தித் திறனைப்போல் மும்மடங்காவது இருந்தது தெரியவந்தது. செய்து கொடுக்க வழியில்லாததால் விற்பனையாளர்கள் வந்த வேண்டுகோள்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம்.

இங்கே நாம் சற்று நிதானிக்கவேண்டும். ‘புதுமையை ஏற்காதவன் அழிவான்’ என்ற வழக்கமான நீதியை இக்கதைமேல் ஒட்டிவிடுவது எளிது. ஃபேசிட் புதுமையை ஏற்றது. நாட்டின் மிகச்சிறந்த கணிப்பொறியாளர்களை விலைகொடுத்து அழைத்தது. மின்னணுக் கணக்கியைத் தன் கடையிலேயே விற்றது. பழையதும் அத்தனை பழையதாகிவிடவில்லை. தட்டச்சு இயந்திரத்துக்கு வாங்குவோர் வரிசையில் நின்றனர். புதியது எது, பழையது எது என்ற பட்டியலில் அதற்குக் குறைவில்லை. தன் உச்சத் திறமை எதில் இருந்ததோ அதைக்கொண்டே உலகை அளந்ததுதான் அதன் இடர். விடை மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. கேள்வி மாறிவிட்டதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

1983இல் ஃபேசிட் எரிக்சன் நிறுவனத்துக்குக் கைமாறியது. டேட்டாசாப்பும் அதற்குச் சற்று முன்னர் அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தது. ‘பெஸ்க்’கிலிருந்து கிளைத்த இரு கிளைகளும் கடைசியில் ஒரே கூரையின் கீழ் வந்து ஒடுங்கின.

பெருங்குடிச் சாலை

சுவீடனில் திருப்பி அனுப்பப்பட்ட வேண்டுகோள்களுக்கு எதிர்முனையில் யார் இருந்தார்கள்? நம்மைப் போன்றவர்கள்தாம்.

1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபின், வெளிநாட்டுப் பெயர்கள் இங்கேயே தயாராகத் தொடங்கின. சென்னையில் ராயலா கார்ப்பரேஷன் ஹால்டா தட்டச்சு இயந்திரங்களைச் செய்தது. (நீக்கப்பட்ட ஒரு விதியின் கீழ்ப் புதிதாக வழக்குத் தொடர முடியுமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றம் 1969இல் அளித்த, சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இந்நிறுவனத்தின் பெயரால் வழங்குவது.) பெருங்குடியில் ஃபேசிட் ஏஷியா நிறுவனத்தின் ஆலை எழுந்தது. ஆங்கிலத்திலும் தமிழிலும் அதன் இயந்திரங்கள் தட்டச்சுப் பயிலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் சென்றன.

தமிழ் தட்டச்சின் முன்வரலாற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இராமலிங்கம் முத்தையா (1886–1960), இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கும் புதிரை அவிழ்த்தவர். அவருடைய அமைப்பில் சில விசைகள் அச்சுத் தாங்கியை நகர்த்தாதவை. புள்ளியை முதலில் அடித்து, தாங்கி நகராமலிருக்க, அதே இடத்தில் மெய்யை அடிக்கலாம். எழுதும்போது கடைசியாக வைக்கும் புள்ளி, தட்டும்போது முதலில் வருகிறது. தமிழ் எழுத்தைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கும் இந்தப் பார்வை, கணினித் தமிழுக்கான முதல் ஒத்திகை என்றே கொள்ளத்தக்கது.

ஊருக்கு ஊர், பேருந்து நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் அருகில், மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஓர் அறை. அதில் பத்துப் பதினைந்து இயந்திரங்கள். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகள். பள்ளியிறுதி முடித்து அடுத்தது என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்கு அந்த அறை ஒரு வழியைக் காட்டியது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொற்கள் அடித்தால் லோயர். 45 அடித்தால் ஹையர். சாதி, குலம், ஆங்கிலப் பேச்சு இவை எதையும் இயந்திரம் கேட்பதில்லை. பிழைகளை மட்டும் எண்ணும். (பயிலகக் கட்டணம் கட்ட இயலாதவர்களை அந்த மாடிப்படியே கேட்டது என்பதையும் சொல்லியாகவேண்டும்.) மும்பைக்கும் டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் தட்டச்சர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் போன தமிழர்களின் வரலாறு இவ்வறைகளில் தொடங்கியது. பெண்பிள்ளை வெளியே போய்ச் சம்பாதிப்பதை ஏற்காத வீடுகளும், டைப்பிங் வகுப்புக்குப் போவதை ஏற்றுக்கொண்டன. வகுப்புக்குப் போனவள் வேலைக்கும் போனாள்.

அந்த விரல்கள் பின்னர் கணினிக்கு நகர்ந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ‘தமிழ் 99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டபோதும், பழைய தட்டச்சு விசையமைப்பு மென்பொருள்களில் உயிரோடு தொடர்ந்தது. அதில் பழகியவர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதே காரணம். அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் தமிழைக் கணினியில் ஏற்றிய முதல் தலைமுறையில், தட்டச்சுப் பயிலகத்தின் மாடிப்படி ஏறியவர்கள் பலர். அவர்களுக்குத் தட்டச்சு ஒரு பெருமையோ கொள்கையோ அன்று, பிழைப்பு. பிழைப்புக்காகக் கற்றதை அடுத்த பிழைப்புக்கு எடுத்துச்செல்வதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. 14,000 பேர் கொண்ட ஒரு நிறுவனத்தால் கடக்க முடியாத தூரத்தை, மேசையொன்றின் முன் தனியாக அமர்ந்த ஒரு தட்டச்சர் சில வாரங்களில் கடந்தார்.

இதைச் சொல்வதால் எல்லோரும் கடந்துவிட்டார்கள் என்று பொருளில்லை. நீதிமன்ற வாசலிலும் பத்திரப்பதிவு அலுவலக வாசலிலும் குடையின் கீழ் இயந்திரம் வைத்திருந்தவர்கள், அதைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர்கள், உதிரிபாகம் விற்றவர்கள் ஆகியோருள் பலருக்கு அடுத்த படி கிடைக்கவில்லை. ஃபேசிட்டின் தலைமை செய்த பிழைக்கு வாழ்க்கை முழுவதும் ஈடுகட்டியவர்கள் ஓட்விடாபெரியின் தொழிலாளர்கள். கணினி நன்மையே செய்தது என்ற நம் பொதுப்பேச்சுக்கு ஈடுகட்டியவர்கள் இவர்கள்.

பெருங்குடியில் இன்று தட்டச்சு இயந்திரங்கள் உருவாவதில்லை. பழைய மாமல்லபுரம் சாலை என்று அறியப்பட்டு இராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறிய அவ்வழி நெடுக மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. இந்தியாவின் கடைசிப் பெரிய தட்டச்சு உற்பத்தியாளரான கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்குப் பின்னும், 2020களிலும், தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் அந்தப் பழைய இயந்திரங்களிலேயே தட்டச்சுத் தேர்வு எழுதினார்கள்.

இனிப் பழனி மலைக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். 1904 முதல் கொடைக்கானலில் சேர்ந்த சூரியப் படங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை, எண்ணியல் வடிவுக்கு மாற்றப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஒருகாலத்தில் கண்ணால் பார்த்துக் கையால் அளந்த சூரியப் புள்ளிகளின் பரப்பை இப்போது கணினி நிரல்கள் அளக்கின்றன. அளக்கும் கருவி எத்தனையோ முறை மாறிவிட்டது. ஆனால் அந்த நிரல்கள் படிப்பது, பெயர் பதிவாகாத உதவியாளர்கள் பனியும் மூடுபனியும் விலகும் நேரம் பார்த்து நாள்தோறும் எடுத்து, தேதியிட்டு, உடையாமல் அடுக்கிவைத்த அந்தக் கண்ணாடித் தகடுகளைத்தான். ஓட்விடாபெரியின் மந்திரவாதிக்கு விடைகள் எல்லாம் தெரிந்திருந்தன. மலைமேலிருந்த அந்த உதவியாளர்களுக்கு, தாம் சேர்க்கும் படங்களிடம் எதிர்காலம் என்ன கேள்வி கேட்கும் என்பது தெரியாது. தெரியாமலேயே, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கத்தக்கதாய் வைத்துவிட்டுப் போனார்கள்.